சொன்னவர் பக்கிரிசாமி

கனகலிங்கம் அண்ணனைப் போல ஒரு பிடிவாதக்காரரை நான் பிறகு பார்த்ததே இல்லை. பிரிக்பீல்ட்ஸ் வாசகசாலையில் நாங்கள் பத்துப் பேர் கூடி, சிலாங்கூர்த் தமிழர்களுக்கென்று ஒரு கைநூல் எழுதிய முப்பதுகளின் காலம் அது. ரயில் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த அவர்தான் தொகுப்பாளர். கிள்ளானுக்கு ரயில் போகிறது என்று எழுதினால் பேசாமல் வாங்கிக்கொள்வார். நாலு பேர் சண்டைக்கு வரக்கூடிய சங்கதி என்றால் மட்டும், யார் சொன்னது என்று அடியில் எழுதாமல் விடமாட்டார். ஞாயிறு மாலை, வடையும் கோப்பியும், அவரோடு வாக்குவாதமும். அந்த ஞாயிறுகள் இனி எங்கே கிடைக்கப் போகின்றன!

பள்ளிக்கூடங்கள் பற்றிய பக்கத்தில்தான் எனக்கு வயிறு எரிந்தது. ரயில் கூலிகளின் பிள்ளைகளுக்கு இங்கே முதல் தமிழ் வகுப்பைத் தொடங்கியவர் கிடங்கு முதலாளி ரெங்கசாமி என்று எழுதி வந்திருந்தது. தொடங்கியது என் அப்பா பக்கிரிசாமி. பகலெல்லாம் தண்டவாள வேலை. சாயங்காலமானால் முதலாளியின் கிடங்கு ஓரத்தில் எங்களை உட்காரவைத்து, மணலில் கைபிடித்து எழுதவைப்பார். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இந்தப் புத்தகத்திலும் இல்லையென்றால் அவர் பேர் வேறெங்கே இருக்கும்? அந்த வரியை அடித்துவிட்டு அப்பா பேரைப் போடச் சொன்னேன்.

"ஊருக்கே தெரியும் அண்ணே, இதுக்குப் போயி சாட்சியா?"

"ஊரில ஆருக்குத் தெரியும், தங்கச்சி? மூண்டு பேர் முதலாளி எண்டு எழுதியிருக்கினம். அவையள் ஆரிட்டக் கேட்டவை எண்டு விசாரிச்சுக்கொண்டு வாங்கோ."

விடுவேனா? மூன்று பேரையும் பிடித்து உலுக்கினேன். ஒருவர்கூட நேரில் பார்த்ததில்லை. மூவருமே அய்யாவு மாமாவின் கோப்பிக்கடையில் கேட்டதைத்தான் எழுதியிருந்தார்கள். மூன்று சாட்சி என்றது கடைசியில் ஒரே சாட்சி. இனி ஜெயித்தாயிற்று என்று நேரே கடைக்குப் போனேன். எந்த மடையன் உங்களிடம் இதைச் சொன்னான் என்று கேட்டேன்.

மாமா கோப்பி ஆற்றுவதை நிறுத்தினார்.

"ஒங்கப்பாதாம்மா சொன்னாரு. வர்றவங்க போறவங்ககிட்டல்லாம், இது முதலாளி ஆரம்பிச்ச வகுப்புன்னு அவரேதான் சொல்வாரு. அப்படிச் சொல்லிட்டா முதலாளி எடத்தைக் காலி பண்ணச் சொல்ல மாட்டாருலா."

அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்து அழுதேன். எங்களுக்கு நிழல் இருக்கட்டும் என்று மனிதர் தன் பேரையே தூக்கிக் கொடுத்திருக்கிறார். வீட்டில் மூச்சுக்கூட விடவில்லை.

கனகலிங்கம் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எதையும் அடிக்கவில்லை. புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்தப் பக்கத்தின் அடியில் இப்படி இருக்கும்:

'தொடங்கியவர் ரெங்கசாமி எனச் சொன்னவர்: பக்கிரிசாமி, அவ்வகுப்பின் ஆசிரியர், கேட்டவர் அய்யாவு. தொடங்கியவர் பக்கிரிசாமியே எனச் சொன்னவர்: மகள் சீதாலெட்சுமி, அங்கே படித்தவர்.'

அப்பாவை எதிர்த்து நான் பேசியது அந்த ஒரு தடவைதான்.