தவிட்டுக் கஞ்சி

பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் எனக்குத் தலைக்கு மேல் வேலை. தெருப் பிள்ளைகளின் சீருடையெல்லாம் என் தையல் மெஷினுக்குத்தான் வரும். முக்கால்வாசி ஒரே வேலைதான்: பாவாடையின் கீழ்மடிப்பைப் பிரித்து, இறக்கித் தைப்பது. என் மகளின் பாவாடையிலும் தாராளமாக மடிப்பு விட்டிருந்தேன். போன வருடமும் அதைப் பிரிக்கவில்லை. இந்த வருடமும் பாவாடை முழங்காலில் அதே இடத்தில்தான் நின்றது.

வகுப்பில் அவளுக்கு வாண்டு என்று பெயர். வீட்டிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. முதலில் நாங்களும் சிரித்தோம்.

சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் அவள் தங்கமான பிள்ளை. எதை வைத்தாலும் குறை சொல்லாமல் கொஞ்சம் கொறித்துவிட்டு எழுந்துவிடுவாள். பக்கத்து வீட்டுக்காரி தன் பிள்ளைகளோடு மல்லுக்கட்டும்போதெல்லாம் எனக்கு உள்ளூரப் பெருமை.

ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, ஜிங்க் சத்து குறைவு, வளர்த்தி நின்றதற்கு அதுதான் காரணமாயிருக்கும் என்று மருந்து எழுதினார். குடிக்கப் படுத்துவாளே என்று நானே அதைத் தவிட்டுக் கஞ்சியில் கலந்து கொடுத்தேன். தவிட்டுக்கு எங்கள் வீட்டில் பஞ்சமில்லை. என் வீட்டுக்காரருக்கு மாவு மில்லில் வேலை. சத்தெல்லாம் இதில்தான் இருக்கிறது என்று பை பையாகக் கொண்டுவந்து போடுவார். மறுபடி ரத்தம் பார்த்தபோது சத்து இம்மியும் ஏறவில்லை.

"மருந்த எதுலம்மா குடுக்கறீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார். சொன்னேன்.

"தவிடு அந்தச் சத்தக் கட்டிப் போட்டுடும்மா. உடம்புல சேர விடாது."

மாவை ஊறவைத்துப் புளிக்கவிட்டால் அந்தக் கட்டு தளரும், மருந்தைத் தனியாகக் கொடுங்கள், முட்டையும் கறியும் சேருங்கள் என்றார். வளர இன்னும் வயது இருக்கிறது என்றார். இந்தச் சத்து குறைந்தால் நாக்கில் ருசி மங்கிப்போகும், பசியும் எடுக்காது என்றும் சொன்னார். நான் தலையாட்டினேன். அவர் மேஜையில் ஒரு பேனாவுக்கு மூடி இல்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"நல்லதுன்னுதான கொண்டாந்தேன்."

ஆமாம் என்றேன். அவர்மேல் கோபம் வரவில்லை, என்மேலும் வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துப் போயிருந்தது.

அதற்குப் பிறகு மாவைப் புளிக்கவைத்தேன், ரொட்டி சுட்டேன், மருந்தைத் தனியாகக் கொடுத்தேன். யாருடையது என்றுகூடப் பார்க்காமல் மடிப்புகளைப் பிரித்துத் தைத்தேன். அவர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டுப் போவார். வீட்டில் மெஷின் சத்தம்தான் கேட்டது.

ஒரு மதியம் முட்டை போட்டு சூப் வைத்தேன். அவர் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு மில்லுக்குக் கிளம்பினார். வாண்டு ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"அம்மா, இதுல உப்பே இல்ல."

ஒரு செருப்பை மாட்டியபடி அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். நான் அவள் கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உப்பு டப்பாவை அவளிடம் நகர்த்தி, எனக்கும் சேர்த்துப் போடச் சொன்னேன்.