நெஞ்சுக்கு வாங்கிய ஆரஞ்சு

இந்த முறையாவது இதயத்தில் ஏதாவது இருந்துவிட வேண்டும் என்று காமினி வேண்டிக்கொண்டாள். அவசர சிகிச்சைப் பிரிவில் ஒயர்களை ஒட்டிக்கொண்டு கிடப்பவள் இப்படியும் வேண்டுவாளா என்றால், இரண்டு முறை ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டு மூன்றாவது முறையாக வந்தவள் வேண்டுவாள். கட்டில் மெல்ல ஆடியது. அக்கரையிலுள்ள பத்து காவான் ஊருக்குப் போகும் தொழிற்சாலைப் பேருந்திலிருந்து அவள் உடம்பு இன்னும் இறங்கியிருக்கவில்லை. காலை வெயிலில் கடல், பாலத்தின் இரண்டு பக்கமும் வெள்ளையாய்க் கிடந்தது. பேருந்து போகப் போகப் பாலம் நீண்டது, கரை தள்ளித் தள்ளிப் போனது. பக்கத்து இருக்கைக்காரியின் பேச்சு தண்ணீருக்கு அடியிலிருந்து வந்தது. பிறகு மூச்சு வரவில்லை. பேருந்து போய்ச் சேர்ந்ததும் சூப்பர்வைசர்தான் காரில் திருப்பி அழைத்துவந்து இங்கே விட்டுப் போனார்.

செய்தி கேட்டு அண்ணி புஷ்பவள்ளி பை நிறைய ஆரஞ்சோடு ஓடி வந்திருந்தாள். பக்கத்துக் கட்டில்காரம்மாவிடம் “என் நாத்தனாருக்கு ஹார்ட்டு” என்று சொல்லிவிட்டுக் காமினியின் தலையைக் கோதிக்கொண்டே இருந்தாள். காமினி அண்ணன் வீட்டுக்கு வந்த இத்தனை வருஷத்தில் அந்தக் கை தலைக்கு வந்ததில்லை. நெஞ்சுவலி என்றால் ஆளைக் கொண்டாடத்தான் செய்கிறார்கள். காமினிக்கு அது சுகமாக இருந்தது.

டாக்டர் சுதர்ஷினி வந்து கட்டில் ஓரத்தில் நின்றார்.

“ஹார்ட் நல்லா இருக்கு காமினி. ஆனா நீங்க நடிக்கல. இது பதற்றம், நெசமான வலிதான். பக்கத்து பிளாக்ல மனநல டாக்டர்கிட்ட பேசிட்டேன், இப்பவே பாப்பாங்க.”

டாக்டர் நகர்ந்ததும் அண்ணியின் கை தலையிலிருந்து எழுந்துபோய்த் திரையை இழுத்து மூடியது.

“அங்கலாம் போவ வேணாம்லா. ரெண்டு நாள் லீவு போடு. யாரும் கேட்டா வயித்துல கேஸ்ட்ரிக்னு சொல்லிக்கலாம்.”

லீவு முடிந்தாலும் பாலம் அங்கேயேதான் இருக்கும். காமினி பையைப் பார்த்தாள்.

“இது ஹார்ட்டுக்கு வாங்குனது அண்ணி. திருப்பி எடுத்துக்கிறீங்களா?”

கேலியாகத்தான் கேட்க நினைத்தாள். குரல் உடைந்துவிட்டது. அண்ணி பையின் கைப்பிடியை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

சக்கர நாற்காலியோடு வந்த ஊழியர் ஜபருல்லா, எந்த பிளாக் என்று கேட்டார். காமினி திரையை விலக்கிவிட்டு, பக்கத்துக் கட்டிலுக்கும் கேட்கும்படி, “மனநலப் பிரிவு அண்ணே” என்றாள்.

நடைபாதை நீளமாக, வெள்ளையாக இருந்தது. போகப் போக அதுவும் நீண்டது. பின்னால் அண்ணியின் செருப்புச் சத்தம் வருகிறதா என்று காது கொடுத்தாள். சக்கரச் சத்தம்தான் கேட்டது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. மூச்சு மறுபடியும் சிறுத்துக்கொண்டு வந்தபோது, ஆரஞ்சுத் தோலின் வாசனை வந்தது.

தோளுக்கு மேலாக அண்ணியின் கை ஒரு சுளையை நீட்டியது. ஒரு நார்கூட இல்லாமல் உரித்திருந்தது.