சாயமில்லாத சோதனை

ஆய்வகத்தை மாடிக்கு மாற்றும்போது பழைய ஃப்ரீசரின் அடியில் அந்தக் குப்பி கிடைத்தது. பனியைச் சுரண்டிப் பார்த்ததும் என் மனைவி சஃபியா சிரித்துவிட்டாள். நான் அதை மறுபடி பனிக்குள் தள்ளப் பார்த்தேன்.

எங்கள் கல்யாணமே அந்தக் குப்பியால் நடந்ததுதான். அப்போது இருவரும் இங்கே ஆராய்ச்சி மாணவர்கள். வயதாக ஆகச் சோம்பிப்போகும் ஒரு நொதியை, அதாவது என்ஸைமை, தட்டி எழுப்பும் சின்ன மூலக்கூறைத் தேடிக்கொண்டிருந்தோம். ஐஸ் மெஷின் எப்போதும் ரிப்பேர். உக்கடம் மீன் மார்க்கெட்டில் ஐஸ் வாங்கிவந்து நொதியை அதில் வைப்போம். ஆய்வகமே மத்தி நாற்றமடிக்கும். அந்த நாற்றத்துக்கு இன்றும் ஏங்குகிறேன். அதற்கு நடுவில்தான் கட்டிக்கொள்ளலாமா என்று அவளிடம் கேட்டேன்.

"இந்தக் குப்பி மருந்து என்ஸைம எழுப்புச்சுன்னா சரிங்க. இல்லீன்னா மறுபடி கேக்கப்படாதுங்க" என்றாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், நொதியின் வேகத்தை அளக்கும் மெஷினில் கோடு விறுவிறுவென்று ஏறியது. கையோடு கோட்டைமேட்டில் அவள் வீட்டுக்குப் போனோம். அவள் அம்மா உம்மல் குல்சும் தம் பிரித்து மட்டன் பிரியாணி போட்டார். அப்படியொரு சாப்பாடு பிறகு வாய்க்கவில்லை.

பின்னால்தான் வினை. வேகத்தை அளக்க, நொதி பிடித்து வேலைசெய்யும் இரையில் ஒளிரும் சாயம் ஒன்றை ஒட்டியிருந்தோம். சில மூலக்கூறுகள் அந்தச் சாயத்தோடு சேர்ந்து பொய் வேகம் காட்டும் என்று தெரியவந்தது. அதற்குள் எங்கள் குப்பி தொலைந்துபோயிருந்தது. இனி யாரும் சரிபார்க்க முடியாதென்று நான் நிம்மதியாக இருந்தேன்.

"சாயமில்லாம ஒருக்கா பாத்துப்போடலாங்க" என்றாள் இப்போது, கிடைத்த குப்பியைத் துடைத்தபடி.

"எதுக்கு? உடு சஃபியா."

விடுவாளா! மதியத்துக்குள் செய்து முடித்தாள். திரையில் கோடு படுத்தே கிடந்தது.

"என்ஸைம் எந்திரிக்கவே இல்லீங்க" என்றாள்.

இத்தனை வருஷமும் அந்தக் கோட்டை நம்பித்தான் அவள் என்னோடு வாழ்ந்தாளா? "அப்ப, அன்னிக்கு நீ சொன்ன சரி?" என்று கேட்டுவிட்டேன்.

சஃபியா நிதானமாகக் கையுறையைக் கழற்றினாள்.

"ஏனுங்க, கோடு ஏறுனது சாயங்காலம். நாம போறப்பவே அம்மா பிரியாணிய தம்முல வெச்சிருந்தாங்க. கறி எப்ப வாங்கியிருப்பாங்க?"

நான் விரல்விட்டு மணியை எண்ணத் தொடங்கினேன்.

"உங்களக் கூட்டியாரேன்னு காலைலயே அம்மாகிட்டச் சொல்லிப்போட்டுத்தான் வந்தேன். இதக்கூடக் கண்டுபுடிக்காம என்ன ஆராய்ச்சிங்க பண்றீங்க?"