கோவர்த்தனன் சொன்ன பதில்

நகரியில் விசைத்தறி வைத்திருக்கும் கோவர்த்தனனின் வாயிலிருந்து, ஆனி மாதம் முதல் பேச்சுக்குப் பதிலாகத் தறிச் சத்தம் வரத் தொடங்கியது. ரேணிகுண்டா எழிலரசனைக் கட்டிக்கொள்ளட்டுமா என்று மகள் கன்னிகா கேட்டிருந்தாள். பதில் சொல்ல வாயைத் திறந்தவரிடமிருந்து வந்த 'டடக் டடக்'கில் அலமாரிப் பாத்திரங்கள் ஆடின. ஆடி பிறந்துவிட்டால் கல்யாணப் பேச்சை எடுக்க மாட்டார்கள். நைனா சம்மதம் சொல்லாமல் கன்னிகாவும் கழுத்தை நீட்ட மாட்டாள்.

தறி மெக்கானிக் தங்கவேலு காதை வைத்துக் கேட்டு, "உள்ள நூல இஸ்துகினு ஓடற நாடா தட்டுது, ஒரு கரண்டி எண்ணெ குடுங்க" என்றார். குடித்ததில் சத்தம் வழவழப்பானதுதான் மிச்சம். ஸ்ரீசிட்டியில் செல்போன் கம்பெனிக்குப் போய்வரும் கன்னிகாவோ, "இது கோடு மாமா, டீகோட் பண்ணணும்" என்றாள். "அப்டின்னா?" "பூட்டிக்கினு இருக்கற சேதிய தொறந்து இன்னான்னு பாக்கறது." அவ்வளவுதான், ஊருக்கே அந்தப் பித்துப் பிடித்துக்கொண்டது. மாமியார்கள் மருமகள்களின் முகத்தை டீகோட் செய்தார்கள், டீக்கடையில் தேர்தல் முடிவை டீகோட் செய்தார்கள். கோவர்த்தனனின் சத்தத்தை ஒருவர் சம்மதம் என்றார், இன்னொருவர் சாபம் என்றார். திருப்பதியிலிருந்து எழிலரசன் இறக்கிக்கொண்டு வந்த ஆப், 'கனமழை' என்று காட்டியது. கன்னிகா தேம்பித் தேம்பி அழுதாள்.

ஆனியின் கடைசி நாள், நின்றிருந்த கரண்ட் வந்ததும் தெருத் தறிகளெல்லாம் ஒன்றாக ஓட ஆரம்பித்தன. டீயோடு வந்த கன்னிகா, தறிக்கூடத்துப் பழக்கத்தில் நைனாவின் உதட்டைப் பார்த்தாள். கூடத்தின் இரைச்சலில் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்கிற ஊர் அது. ஆனால் காது கேட்கிற இடத்தில் அடுத்தவர் வாயைப் பார்ப்பது அங்கே மரியாதை இல்லை. அதனால் இத்தனை நாளும், கூடத்துக்குப் போகாமல் வீட்டோடு இருந்த அவர் முன்னால் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டே காதைத் தீட்டியிருக்கிறார்கள். நைனாவின் உதட்டில் அச்சடித்த மாதிரி தமிழ் ஓடியது.

"அன்னிக்கே சரின்னேனே! எத்தினி தபா சொல்றது? அந்தப் பையனுக்குப் போன் போடும்மா."

டம்ளர் கை நழுவியது. கன்னிகா கூவிக்கொண்டே தெருவுக்கு ஓடினாள்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. கோவர்த்தனனின் குரல் திரும்பவில்லை, யாரும் தேடவும் இல்லை. ரேணிகுண்டா வீட்டில் போனை எடுத்ததும் 'டடக் டடக்' என்று கேட்டால், மாமியார் வீடியோவைப் போட்டு உதட்டைப் பார்த்து, "உங்க நைனா, சாப்ட்டியான்னு கேக்கறாரு" என்று மருமகளிடம் நீட்டுகிறாள்.