செவந்தி முடிக்காத சொல்

"எறக்குடா அவுகள!"

செவந்தி நிலைப்படியில் இரண்டு கையையும் ஊன்றி மறித்து நின்றாள். அப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்த எழிலரசன் திகைத்தான். வெளியே கார் உறுமிக்கொண்டிருந்தது.

"டாக்டர் சொன்னது மறந்துபோச்சா ஆத்தா? முழுங்குறதெல்லாம் நுரையீரலுக்குப் போகுது. இன்னைக்கு வயித்துல டியூப் வைக்கலேன்னா அடுத்த வாய் கஞ்சியே எமன். நகரு!"

"கண்ண இறுக்கி மூடுறாகடா. வேணாங்கிறாக. ஏன்னு தெரியாம நம்ம இலுப்பூரத் தாண்ட விடமாட்டேன்."

அப்பா குழந்தைசாமியை நாற்காலியில் இறக்கினான். நரம்பு நோய் அவர் கையைப் பறித்தது, பிறகு நாக்கை. மிச்சம் கண் மட்டும்தான். மேலே பார்த்தால் ஆமாம், மூடினால் இல்லை. புதுக்கோட்டையில் பேச்சுப் பயிற்சி தரும் வனிதா மேடம் அவரைவிட செவந்தியைத்தான் அதிகம் பழக்கினாள். "நீங்க ரொம்பக் கெட்டிக்காரி, அதான் தொல்லை. அவர் ஒரு எழுத்து சொன்னா நீங்க முழுக்கதையும் சொல்லிடுறீங்க. வாயைக் கட்டிக்கிட்டு காத்திருங்கம்மா."

செவந்தி எழுத்து அட்டையை எடுத்தாள்.

"வலிக்குமேன்னு பயமா?"

கண் மூடியது.

"ஒங்களப் பத்தினதா?"

மூடியது.

"என்னையப் பத்தினதா?"

கண் சட்டென்று மேலே போனது.

அவள் விரல் வரிசை வரிசையாக ஊர்ந்தது. 'ச' வரிசையில் கண் எழுந்தது. பக்கத்தில் நகர்ந்தாள். 'சா'.

எழிலரசன் முகம் வெளுத்தது. "சாகணுங்கிறாரு! ஒனக்குப் பாரமா இருக்க வேணாம்னு..."

"வாய மூடுடா!"

அதே சொல்தான் அவள் தொண்டையிலும் நின்றது. முடித்து வைக்கத் துடித்த நாக்கைக் கடித்துக்கொண்டாள். காத்திருந்தாள். ஹாரன் அலறியது. அசையவில்லை.

மெல்ல மெல்ல எழுத்துகள் சேர்ந்தன. சாப்பிடுவ.

பிறகு இன்னொரு சொல். எப்ப.

"என்ன ஆத்தா இது? பசிக்குதாமா?"

செவந்தி தொப்பென்று தரையில் உட்கார்ந்து கணவரின் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒங்களுக்கு டியூப்புல ஊத்துறப்பவே, ஒங்க எதுக்க உக்காந்து நானும் சாப்பிடுவேன். சத்தியமா. இப்பப் போவமா?"

அவர் வெகுநேரம் அவளையே பார்த்தார். கண் மேலே போனது.

முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"தூக்குடா. கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து இவுக சாப்பிட்டு எந்திரிச்ச பெறகுதான் நான் தட்டுல சோறு போடுவேன். இவுக காய்ச்சல்ல பட்டினி கெடந்தா எனக்கும் பட்டினிதான். இனிமே இவுக வாயில சோறே வைக்க முடியாதுல்ல? நானும் சாப்பிடாமலே கெடந்துருவேன்னு பயந்துருக்காகடா."