அடைத்ததற்கான காரணம்

என் கணவர் வாயில் பதினொரு பற்கள் உலோகம் அடைத்தவை. அத்தனையும் என் அண்ணனின் கைவேலை. அண்ணன் பல் டாக்டர். கிளினிக் இரண்டு தெரு தள்ளித்தான். புதிதாக வந்தவர் யாராவது நாற்காலியில் ஏறத் தயங்கினால் உடனே எங்கள் வீட்டுக்குப் போன் வரும். இவரும் சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

"மாப்ள, ஆ காட்டுங்க."

இவர் காட்டுவார். வந்தவர் எட்டிப் பார்த்து, பதினொன்றையும் எண்ணி, தைரியம் வந்து நாற்காலியில் ஏறுவார். இருபத்திரண்டு வருடமாக இந்தக் கூத்து. துணிக்கடைப் பொம்மைக்குக்கூட வாரத்தில் ஒருநாள் லீவு உண்டு.

போன வருடம் இவர் தலைக்குள் கட்டி வந்தது. வெட்டி எடுத்தார்கள், திரும்ப வந்தது. இனி வெட்ட முடியாது என்ற பிறகு டாக்டரம்மா புதுச் சிகிச்சை ஒன்றைச் சொன்னார். கண்ணுக்கே தெரியாத இரும்புத் துகள்களைத் தண்ணீரில் கலந்து கட்டிக்குள் ஊசியால் விடுவார்களாம். பிறகு தலையை ஓர் எந்திரத்துக்குள் வைத்தால், அதன் காந்தப்புலம் மாறி மாறித் துகள்களை உசுப்பிச் சூடாக்குமாம். கட்டி வெந்து சாகும், சுற்றியிருக்கிற மூளை தப்பிக்கும்.

"பக்கத்துல வேற உலோகம் இருக்கக் கூடாது. எங்க, ஆ காட்டுங்க," என்றார். பார்த்துவிட்டு அப்படியே பின்னால் சாய்ந்துகொண்டார்.

பதினொன்றையும் எடுத்துவிட்டு வெள்ளைப் பூச்சு வைக்க வேண்டும். கூடவே ஒரு படிவம். அடைத்த டாக்டரே நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும்: பல்லின் எண், தேதி, உலோகம், அடைத்ததற்கான காரணம். வெள்ளிக்கிழமைக்குள் தராவிட்டால் அடுத்த இடம் மூன்று மாதம் கழித்துத்தான். கட்டி அதுவரை சும்மா இருக்காது என்று டாக்டரம்மா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

அண்ணனோ எங்களையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே போய் எந்திரத்து இன்ஜினியரிடம் மல்லுக்கு நின்றான்.

"எவ்ளோ தள்ளி உலோகம் இருந்தா பரவாயில்ல?"

"நாப்பது சென்டிமீட்டர்."

அண்ணன் பையிலிருந்து டேப்பை எடுத்து இவர் நெற்றியிலிருந்து தாடை வரை அளந்தான். இருபதுகூடத் தேறவில்லை.

"வாயை நல்லா திறந்து வச்சா?"

இவர் உடனே ஆ காட்டினார். நாலு சென்டிமீட்டர் கூடியது. இன்ஜினியர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

திங்கள் முதல் புதன் வரை அண்ணன் சாக்குப்போக்குச் சொல்லியே ஓட்டினான். வியாழன் மதியம் நானே இவரை இழுத்துப்போய் நாற்காலியில் உட்கார வைத்தேன். வேறு வழியில்லாமல் ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்துக் கண்ணாடிக் குப்பியில் போட்டான். வெள்ளை வைத்து முடித்ததும் படிவத்தை நீட்டினேன். மூன்று பல்லுக்கு நேராக 'சொத்தை' என்று எழுதினான். பேனா நின்றுவிட்டது.

"மிச்சம் எட்டு?"

அண்ணன் கையைக் கழுவினான். துடைத்துவிட்டு மறுபடியும் கழுவினான். "அதுல சொத்தை இல்ல," என்றான்.

"நல்ல பல்லையா தோண்டின?"

"கிளினிக் திறந்த புதுசு. ஒருத்தரும் வரல. கை மறந்துடும்னு பயம்."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. இருந்தாலும் வெள்ளிக்கிழமை முக்கியம். "எல்லாத்துக்கும் சொத்தைன்னே எழுதித் தொலை."

"மருத்துவப் பதிவுல நான் பொய் எழுத மாட்டேன்," என்றான் அண்ணன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

எட்டு நல்ல பற்களைத் துளைத்த மகானுக்கு ஒரு வரிப் பொய் எழுதக் கூசுகிறது. உண்மையை எழுதவும் கை வரவில்லை. அந்தக் குப்பியைத் தூக்கி அவன் தலையில் போட்டிருப்பேன். அதற்குள் நாற்காலியிலிருந்து இவர் பேசினார். மரத்துப்போன உதடு ஒரு பக்கமாகத் தொங்கியது.

"எனக்குத் தெரியும் மச்சான். எனக்கு மொத்தமே மூணு தடவைதான் பல்லு வலிச்சுது."

"அப்புறம் ஏன் வந்தீங்க?" என்றான் அண்ணன்.

"நீங்க கூப்பிட்டீங்க. வெளிய நாலு நாற்காலியும் காலியா கெடந்துச்சு." கொஞ்சம் எச்சிலை விழுங்கிக்கொண்டார். "உள்ளத எழுதுங்க."

அண்ணன் எழுதினான். எட்டு வரியிலும் ஒரே காரணம்: 'கை பழகுவதற்காக.'

மறுநாள் டாக்டரம்மா அதை மேலிருந்து கீழாக ஒருமுறையும் கீழிருந்து மேலாக ஒருமுறையும் படித்தார். போலீசைக் கூப்பிடுவார் என்றே நினைத்தேன். அவர் படிவத்தைக் கோப்பில் வைத்து மூடினார்.

"நானும் ஒன்னு சொல்லியாகணும். இந்த எந்திரம் இங்க வந்து ஒரு மாசம்தான் ஆகுது. பயிற்சி எடுத்திருக்கோம். ஆனா இதுல படுக்கப்போற முதல் ஆள் நீங்கதான்."

"அதுக்கென்ன டாக்டர்," என்றார் இவர். "எனக்கு இது பழைய வேலைதான்."

அடுத்த வாரம் துகள்களை ஏற்றினார்கள். எந்திரத்துக்குள் படுக்க வைத்த அன்று அண்ணனும் வந்து கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என்னோடு நின்றான். அவனோடு நான் ஒரு வாரமாகப் பேசவில்லை. உள்ளே இவர் தலையைச் சரியாக வைத்து, டாக்டரம்மா குனிந்ததும், பழக்கதோஷத்தில் ஆ காட்டினார்.

"வாயை மூடிக்கலாம்," என்றார் டாக்டரம்மா.

மூடிக்கொண்டார். பக்கத்தில் அண்ணன் விம்மும் சத்தம் கேட்டது. நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். திரையில் கட்டியின் சூடு ஏற ஆரம்பித்தது.