ரூபி ஏறாத பெட்டி

இந்தக் காலத்துச் சனங்களுக்கு மிருகத்திடம் மட்டும்தான் மரியாதை என்பது சாமித்தம்பியின் முடிவு. கனடாவில், ஸ்காபரோ பஸ்ஸில் ஒரு கிழவன் கம்பியில் தொங்கிக்கொண்டு நின்றால் ஒருவரும் எழும்பமாட்டார்கள். ஆனால் அவர் வேலைசெய்யும் ஸ்ரௌவ்வில் ஊர் லாயத்தில் ஒரு குதிரையிடம், ட்ரெயிலர்ப் பெட்டிக்குள் ஏறச் சம்மதமா என்று வாரக்கணக்காகக் கேட்டுக்கொண்டு நிற்பார்கள்.

குதிரையின் பெயர் ரூபி. லாயம் இருந்த காணியை வீடு கட்டுகிறவர்கள் வாங்கிவிட்டார்கள். முதலாளியம்மா கிளடிஸ் மற்றக் குதிரைகளையெல்லாம் ட்ரெயிலரில் ஏற்றி வடக்கே வேறொரு பண்ணைக்கு அனுப்பிவிட்டாள். மிச்சம் ரூபி ஒன்றுதான். போன வருசம் பழைய ட்ரெயிலரின் அடிப்பலகை உடைந்து அதன் பின்கால் ஓட்டைக்குள் இறங்கியது. அன்றிலிருந்து பெட்டியைக் கண்டாலே கண்ணில் வெள்ளை தெரியும், உடம்பு வேர்க்கும். சனிக்கிழமை காலைக்குள் ஏறாவிட்டால் இறைச்சிக்காரன் வருவான். அவன் சம்மதம் கேட்கமாட்டான்.

சாமித்தம்பிக்கு ரூபியிடமும் பயம், ரூபிக்காகவும் பயம். கூட வேலைசெய்யும் அகஸ்ரின் ஒருநாள் அதன் கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்தான். அது பின்னுக்கு இழுத்த இழுவையில் ஒரு விரல் போய்விட்டது. என்றாலும் மூன்று வருசமாகத் தினமும் காலையில் அது மூக்கை அவர் தோளில் வைத்து மூச்சுவிட்டிருக்கிறது.

கிளடிஸின் முறை இதுதான்: குதிரை ஒரு அடி முன்னுக்கு வைத்தால் கயிற்றைத் தளர்த்த வேண்டும். பின்னுக்குப் போனால் போகவிட வேண்டும். இழுக்கவும் கூடாது, அடிக்கவும் கூடாது.

"மட்டக்களப்பில எருமை மேய்ச்சவன் நான். வாலை முறுக்கினா அது தன்ர பாட்டில ஏறும். இதென்ன கூத்து கா?" என்றார் சாமித்தம்பி.

"உதின்ரை வாலைப் பிடிச்சுப் பாருங்கோ அண்ணை, பிறகு பல்லைப் பொறுக்குவியள்," என்றான் அகஸ்ரின். "எனக்கு ஒன்பது விரல் போதும். உங்களுக்குப் பத்துக்கும் வேலையிருக்கு."

புதன்கிழமை ரூபி முன்னங்கால் இரண்டையும் பெட்டிக்கு ஏறும் சாய்பலகையில் வைத்தது. சாமித்தம்பிக்கு அன்று முழுக்க ஒரே யோசனை. இந்த ட்ரெயிலரும் கிளடிஸ் பிறம்ரன் ஊரில் யாரிடமோ வாங்கிய பழையதுதான். யார் யாருடைய கண் பட்டதோ. ஒரு வாகனத்தை வாங்கியதும் கழிக்கவேண்டிய கண்ணூறை ஒருவரும் கழிக்கவில்லை. வியாழக்கிழமை காலை சக்கரங்களுக்கடியில் தேசிக்காய் வைத்தார். ரூபி பலகையில் கால் வைத்த அந்த நல்ல நேரம் பார்த்து, தேங்காயைச் சீமெந்துத் தரையில் ஓங்கி அடித்தார்.

வெடிச்சத்தம்தான். ரூபி இரண்டு காலில் எழும்பிப் பின்பக்கமாகச் சரிந்தது. கயிறு கிளடிஸின் உள்ளங்கையைத் தீய்த்துக்கொண்டு ஓடியது. குதிரை வேலி மூலையில் போய் நின்று நடுங்கியது. சாமித்தம்பி கிட்டப் போனார். அவரைக் கண்டும் நடுங்கியது. இனி இறைச்சிக்காரன்தான். தன் கையாலேயே அனுப்பிவைத்தாயிற்று.

கையை வாளித் தண்ணீரில் வைத்துக்கொண்டு கிளடிஸ் இங்கிலீசில் ஏதோ சொன்னாள்.

"என்னவாம் கா?" என்று அகஸ்ரினைக் கேட்டார் சாமித்தம்பி.

"பயமாக்கின ஆள்தான் பயத்தைத் தெளிவிக்க வேணுமாம். உங்களைப் பெட்டிக்குள்ளை போய் இருக்கட்டாம்," என்றான் அகஸ்ரின்.

"உள்ளுக்கா? அது மேல விழுந்தா நான் புட்டு மாதிரி உதிர்ந்திருவன்!"

"பக்கக் கதவு திறந்துதான் இருக்கும். ஓடத் தெரியும்தானே?"

வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து அவர் பெட்டிக்குள் கவிழ்த்த வாளியில் குந்தியிருந்தார். ஒரு கால் உள்ளே, ஒரு கால் பக்கக் கதவுப் படியில். கையில் ரூபியின் கயிறு, மடியில் கரட். ஒவ்வொரு தடவையும் குளம்பு பலகையில் விழ, அந்தச் சத்தம் அவர் முதுகெலும்பில் ஏறியது. கை கயிற்றை இழுக்கத் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தளர்த்தினார். மத்தியானம் தலை உள்ளே வந்தது. பின்னேரம் நாலு கால்களும் ஒரு கணம் உள்ளே நின்றன; உடனே அது புரண்டடித்து வெளியே ஓடியது. அவரும் மற்றப் பக்கத்தால் ஓடினார்.

சனிக்கிழமை அவர் வாளியில் இருந்தபோதே இறைச்சிக்காரனின் லொறி வந்து சல்லிக்கல்லில் நின்றது. எஞ்சினை நிறுத்தவில்லை. அந்த உறுமலுக்கு ரூபி காதை மடித்தது.

"வா புள்ள," என்றார் சாமித்தம்பி. "எனக்கும் பயம்தான். வா."

ஒரு அடி. கயிற்றைத் தளர்த்தினார். இன்னொரு அடி. பெட்டி ஆடியது. பின்கால்களும் ஏறின. கிளடிஸ் பெட்டியின் பின்கம்பியை மாட்டிய சத்தத்தில் ரூபி துள்ள, அதன் நெஞ்சு அவரைச் சுவரோடு அமுக்கியது. கதவு ஒரு முழத்தூரத்தில் திறந்து கிடந்தது. அவர் போகவில்லை. கரட்டை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். கனநேரத்துக்குப் பிறகு ரூபி அதைக் கடித்தது.

அவர் பக்கக் கதவால் வெளியே இறங்கினார். இறைச்சிக்காரன் வெறும் லொறியைத் திருப்பினான். ட்ரெயிலர் வடக்கே புறப்பட்டது.

"பாத்தியளே அண்ணை, அடிக்காமல் ஏறினதை!" என்றான் அகஸ்ரின்.

"கரட்டுக்கு ஏறினது. இல்லாட்டி தேங்காய் ரெண்டு நாள் பிந்தி வேலை செஞ்சிருக்கு. பாதி வழியில உதைக்கும், பார்."

விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு ரூபியின் கொட்டிலுக்கு நடந்தார்.

"உடைக்கப்போற கொட்டிலை ஏன் கூட்டுறியள்?"

"திரும்பி வந்தா எங்க கா நிக்கும்?" என்றார், திரும்பிப் பார்க்காமலே.